அரசுக்குச் சொந்தமான அழுக்கு

எழில் நகர் காம்பவுண்டில் குழாய்த் தண்ணீர் குளிக்க, கேன் தண்ணீர் குடிக்க என்பது எந்தச் சட்டத்திலும் எழுதப்படவில்லை. எழுதப்படாத காரணத்தால் அதை யாரும் மீறியதும் இல்லை.

சேரப்பணஞ்சேரியைத் தாண்டியதும் இருக்கிறது இந்தக் காம்பவுண்டு. ஒரகடம், வல்லம் வடகால் கம்பெனிகளில் ஷிப்ட் பார்க்கும் பிள்ளைகள் வரிசையாக வாடகைக்கு இருக்கும் அறைகள். ஒவ்வொரு அறையிலும் ஒரு நீலக் கேன் தலைகீழாகக் கவிழ்ந்து நிற்கும். வீட்டுக்காரர் முனிரத்தினம். கேன் ஏஜென்சி அவருடைய மனைவி கிளியம்மாள் பெயரில் நடக்கிறது. இரண்டும் தனித்தனி நிர்வாகங்கள் என்பதை முனிரத்தினம் அடிக்கடி நினைவூட்டுவார்.

"வாடகை என்னுது. தண்ணி அவுளுது. நான் அதுல தலையிட்றதே கெடையாது" என்பார், கேனைத் தோளில் சுமந்து வந்து இறக்கியபடியே.

தங்கமாரி கயத்தாறு பக்கத்துப் பெண். காருக்குக் கண்ணாடி செய்யும் கம்பெனியில் லைனில் நிற்கிறாள். அவளோடு அறையைப் பகிர்ந்துகொள்ளும் சுகப்பிரியா சாத்தூர்க்காரி. போன ஐப்பசி மழையில் வல்லம் வடகால் ரோடு முழுகிவிட்டது. கேன் வண்டி வரவில்லை. காம்பவுண்டே தாகத்தில் கிடந்தது. குழாயில் மட்டும் தண்ணீர், கேட்பாரில்லாமல், ஜோராக வந்துகொண்டிருந்தது.

தங்கமாரி படப்பைக்குப் போய்ப் பாத்திரக் கடையில் இரண்டு அடுக்கு எவர்சில்வர் ஃபில்டர் ஒன்று வாங்கிவந்தாள். மேலடுக்கில் வெள்ளை வெள்ளையாக இரண்டு கேண்டில், தண்ணீரை வடிகட்டும் பீங்கான் குழல்கள். குழாய்த் தண்ணீரை மேலே ஊற்றினாள். கீழே சொட்டியதைக் கொதிக்க வைத்து, ஆற்றி, ஒரு டம்ளர் குடித்தாள்.

"அடியே, செத்துகித்துப் போயிராத. பாடியை ஊருக்கு அனுப்ப எனக்கு லீவு தர மாட்டாங்க" என்றாள் சுகப்பிரியா.

தங்கமாரி சாகவில்லை. ஆனால் செய்தி பரவிவிட்டது. அன்றிலிருந்து காம்பவுண்டில் அவளைப் பார்ப்பவர்கள் சாப்பிட்டாயா என்று கேட்பதை விட்டுவிட்டு, "வயிறு எப்பிடி இருக்கு?" என்று கேட்கத் தொடங்கினார்கள். கேட்பவர்கள் முகத்தில் அக்கறை இருக்கும். நன்றாக இருக்கிறது என்று அவள் சொன்னதும் லேசான ஏமாற்றமும் இருக்கும்.

ரோட்டில் தண்ணீர் வடிந்து கேன் வண்டி வந்த பிறகும் தங்கமாரி கேன் வாங்கவில்லை. முனிரத்தினம் வாசலில் வந்து நின்றார்.

"இன்னாம்மா, எறக்கட்டா?"

"வேண்டாம் அண்ணாச்சி. ஃபில்டர்ல பிடிச்சுக்கிடுதேன்."

"கொயா தண்ணியவா? அத்த குளிக்கத்தானம்மா வுட்டுக்கீறேன்!"

"நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. ஒரு வாய் குடிச்சுப் பாக்கீகளா?"

முனிரத்தினம் இரண்டு அடி பின்னால் போனார். "இத பாரு. நாளிக்கு உனுக்கு இன்னானா ஆச்சுன்னா என் வூட்டுப் பேரு கெட்டுப்பூடும். கேன் வாங்கு. இல்லாங்காட்டி வூட்ட காலி பண்ணு."

"தண்ணியில தலையிட மாட்டேன்னுல்லா சொன்னீக?"

"இது தண்ணி மேட்டர் இல்லம்மா. வூட்டு மேட்டர்."

கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் இப்படி ஒரு அறை கிடைப்பது லேசில்லை. இதைத் தேடத் தங்கமாரியும் சுகப்பிரியாவும் அலைந்த அலைச்சல் கொஞ்சமா? இருந்தாலும் ஃபில்டரைத் தூக்கிப் பரண்மேல் போட அவளுக்கு மனம் வரவில்லை. பொங்கல் வரைக்கும் தவணை கேட்டாள். அதற்குள் பக்கத்து அறைப் பெண்கள் இரண்டு பேர் பாட்டிலோடு அவளிடம் வர ஆரம்பித்தார்கள். பொறுத்துப் பார்த்த முனிரத்தினம், புகார் எழுதிக்கொடுத்துவிட்டார்.

புகார் போன இடம், கூட்ரோட்டில் பேக்கரிக்கு மேல் மாடியில் உள்ள 'வட்டாரக் குடிநீர் நற்பெயர்ப் பாதுகாப்புப் பிரிவு'. குடிநீரைப் பாதுகாப்பதற்கு வேறு அலுவலகங்கள் இருக்கின்றன. இது குடிநீரின் பெயரைப் பாதுகாப்பதற்கு. வேலை குறைவுதான். ஆனால் பொறுப்பு அதிகம்.

அதன் அதிகாரி சிவசங்கர் ஜீப்பில் வந்து இறங்கினார். கையில் ஒரு பைல், இன்னொரு கையில் மூடி திறக்காத தண்ணீர் பாட்டில். ஃபில்டரைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

"இது என்ன?"

"ஃபில்டர் சார்."

"எதுக்கு?"

"தண்ணிய வடிகட்ட சார்."

"அரசாங்கம் உனக்குக் கொடுக்கிறது நல்ல தண்ணியா, கெட்ட தண்ணியா?"

தங்கமாரி யோசித்தாள். "நல்ல தண்ணிதான் சார்."

"நல்ல தண்ணியை எதுக்கும்மா வடிகட்டணும்?"

"மழைக்குக் கொஞ்சம் கலங்கலா வருது சார்."

"அப்போ கெட்ட தண்ணிங்கிறே."

"ஐயோ, இல்ல சார். வடிகட்டினா நல்ல தண்ணி."

"வடிகட்டறதுக்கு முன்னாடி?"

"அதுவும் நல்ல தண்ணிதான் சார். கொஞ்சம் அழுக்கு இருக்கும், அவ்வளவுதான்."

சிவசங்கர் பைலைத் திறந்து குறித்துக்கொண்டார். தொண்டை வறண்டது போலிருக்கிறது. பாட்டிலைத் திறந்து ஒரு மடக்குக் குடித்தார்.

"சார், நீங்க மட்டும் பாட்டில் தண்ணி குடிக்கீகளே?" என்றாள் சுகப்பிரியா உள்ளேயிருந்து.

"நான் குடிக்கிறது என் சொந்த விஷயம்மா. வந்திருக்கிறதுதான் அரசு விஷயம்" என்றார் அவர், கோபப்படாமல். பிறகு தங்கமாரியிடம் திரும்பினார். "அந்த அழுக்கு எங்கே?"

"எந்த அழுக்கு சார்?"

"கேண்டில்ல தங்குமே."

"அதைத் தேச்சுக் கழுவிச் சாக்கடையில ஊத்திருவேன் சார்."

சிவசங்கர் பேனாவை மூடினார். "யாரைக் கேட்டு ஊத்தினே?"

மறுவாரம் கடிதம் வந்தது. தங்கமாரி அதை எழுத்துக்கூட்டி வாசித்தாள்:

'தங்களால் வடிகட்டப்பட்டதாகத் தாங்களே ஒப்புக்கொண்டுள்ள அழுக்கானது, அரசு நீருடன் சேர்த்து வழங்கப்பட்டமையால் அரசு உடைமை ஆகும். தங்களுக்கு நீரைப் பருகும் உரிமை மட்டுமே உண்டு. ஆகவே மேற்படி அழுக்கைக் குறைவின்றி இவ்வலுவலகத்தில் ஒப்படைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது. தவறும்பட்சத்தில் காம்பவுண்டின் குழாய் இணைப்பு முன்னறிவிப்பின்றித் துண்டிக்கப்படும் என்பது இதன்மூலம் முன்னறிவிக்கப்படுகிறது.'

இதைக் கேட்டு முதலில் ஆடிப்போனவர் முனிரத்தினம்தான். குழாய் போனால் யாருமே குளிக்க முடியாது. குளிக்க முடியாத வீட்டுக்கு யார் வாடகைக்கு வருவார்கள்? அவர் தங்கமாரியின் அறைக்கு ஓடிவந்தார்.

"எம்மா, காலி பண்ற பேச்செல்லாம் அப்பால பாத்துக்கலாம். முதல்ல அயுக்க குடுத்துட்டு வா. கொஞ்சம் தாராளமாவே குடு."

"மழை நின்னு தண்ணி தெளிஞ்சு போச்சே அண்ணாச்சி. அழுக்குக்கு நான் எங்க போவேன்?"

முனிரத்தினம் தானே மொட்டைமாடி ஏறி, தொட்டியின் அடியில் படிந்திருந்த சேற்றை வழித்து, ஊறுகாய் டப்பா ஒன்றில் நிரப்பிக் கொடுத்தார். தன் வண்டியிலேயே தங்கமாரியை உட்காரவைத்து அழைத்தும் போனார்.

அலுவலகத்தில் அமலா என்ற உதவியாளர் இருந்தார். டப்பாவைத் திறந்தார், உடனே மூடினார்.

"இதை நான் வாங்க முடியாதும்மா. வாங்கினேன்னா தண்ணியில அழுக்கு இருந்ததுன்னு ஆபீஸே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

"அப்போ எடுத்துட்டுப் போயிரட்டா மேடம்?"

"போகவும் முடியாது. நாங்க போட்ட ஆர்டரை நாங்களே மதிக்கலைன்னு ஆயிடும்."

டப்பா மேசை நடுவில் இருந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். கடைசியில் சிவசங்கர் வந்து முடிவு சொன்னார்: பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். ஆய்வகத்துக்குப் போன் போட்டால், அங்கே தண்ணீரை மட்டும்தான் பரிசோதிப்பார்களாம். சேற்றுக்கு வேறு துறையாம்.

"கரைச்சு அனுப்புங்க அமலா. கரைச்சா அதுவும் தண்ணிதானே?"

அந்த மாடிக்குக் குழாய் இணைப்பு கிடையாது. மூலையில் ஒரு கேன் இருந்தது. அமலா அதிலிருந்து பிடித்து, சேற்றைக் கரைத்து, பாட்டிலில் அடைத்தார். எங்கிருந்து எடுத்த நீர் என்று சீட்டில் எழுத வேண்டியிருந்தது. அமலா பொய் எழுதும் ஆள் இல்லை. 'கேன். கிளியம்மாள் ஏஜென்சி' என்று எழுதினார்.

முடிவு சீக்கிரமே வந்தது. 'மேற்படி நீர் மனிதர், கால்நடை ஆகிய இரு தரப்பினரும் பருகத் தகுதியற்றது.' கிளியம்மாள் ஏஜென்சிக்கு அன்றே தடை விழுந்தது.

முனிரத்தினம் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறினார். "சார்! அதுல அயுக்க கொட்னதே நீங்கதான் சார்!"

"கொட்டினது அரசு அழுக்கு" என்றார் சிவசங்கர் பொறுமையாக. "அதே அழுக்கு எங்க குழாய்த் தண்ணியிலயும் இருந்துச்சு. அப்பவும் அது நல்ல தண்ணிதான்னு அந்தப் பொண்ணே சொல்லியிருக்கா. உங்க தண்ணிக்கு அந்தத் தாங்குற சக்தி இல்லையே. நான் என்ன செய்ய?"

முனிரத்தினம் படியிறங்கினார். வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டார். அன்று சாயங்காலம் கிளியம்மாள் ஒரு சொம்பை முந்தானையில் மறைத்துக்கொண்டு தங்கமாரியின் வாசலுக்கு வந்தாள்.

"அவுருக்கு நாக்கு வறளுது. ஒரு சொம்பு..."

தங்கமாரிக்குப் பழையதெல்லாம் வாய்வரைக்கும் வந்தது. ஆனால் கிளியம்மாளின் முகத்தைப் பார்த்ததும் சொம்பை வாங்கி நிறைத்தாள். கிளியம்மாள் அங்கேயே ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். கண் விரிந்தது.

"ஐய, அச்சு அசல் கேன் தண்ணி மாரியே கீதே!"

ஒரு தண்ணீருக்கு அந்தக் காம்பவுண்டில் தரக்கூடிய பெரிய பட்டம் அதுதான். காலி செய்யும் பேச்சு அன்றோடு நின்றது. அடுத்த வாரமே 'கிளியம்மாள் ஃபில்டர் ஏஜென்சி' என்று போர்டு தொங்கியது.

பிறகு வந்ததைக் காய்ச்சல் என்றுதான் சொல்ல வேண்டும். எவர்சில்வர் யாருக்கும் வேண்டாம். சுவரில் மாட்டுகிற, நீல லைட் எரிகிற, தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று நம்பரில் காட்டுகிற மெஷின்கள் வந்து இறங்கின. ஷிப்ட் முடிந்து வரும் பையன்கள் ஹெல்மெட்டைக் கழற்றும் முன்பே, "உன் தண்ணி எவ்ளோ காட்டுது மச்சி?" என்று கேட்டுக்கொண்டார்கள். குறைவாகக் காட்டியவன் நிமிர்ந்து நடந்தான். செம்புச் சத்து உள்ள மெஷின் வைத்திருப்பவன் செம்பு இல்லாதவன் அறையில் தண்ணீர் குடிப்பதில்லை. சுகப்பிரியாவைப் பெண் கேட்டு வந்தவர்கள், மாப்பிள்ளை வீட்டு மெஷின் ஏழு கட்டமாக வடிகட்டும் என்றார்கள். படிப்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை. தங்கமாரியின் ஃபில்டரைப் பார்த்தவர்கள், "இன்னும் லைட் இல்லாததையா வெச்சிருக்கே?" என்று பரிதாபப்பட்டார்கள்.

நற்பெயர்ப் பாதுகாப்புப் பிரிவுக்கும் ஒரு மெஷின் வந்தது. எல்லாவற்றையும்விடப் பெரியது. ரிப்பன் வெட்டி, முனிரத்தினத்துக்குச் சால்வையும் போட்டார்கள். மெஷினை மாட்ட வந்த மெக்கானிக் மட்டும் ஒரு எச்சரிக்கை சொல்லிவிட்டுப் போனான்: "சார், இதுல மண்ணுத் தண்ணி கிண்ணி வுட்றாதீங்க. பில்டர் அடைச்சிக்கும். வாரண்டி கெடையாது."

சிவசங்கர் யோசித்தார். அரசு உடைமைக்குச் சேதம் வரக்கூடாது. கேன் தடை அன்று மாலையே விலக்கப்பட்டது. மெஷினுக்கு மேலே ஒரு கேன் கவிழ்க்கப்பட்டது. கேன் தண்ணீர் மெஷினுக்குள் போய், ஏழு கட்டம் தாண்டி, நீல வெளிச்சத்தில் குளித்து வெளியே வந்தது. அமலா ஒரு டம்ளர் குடித்துவிட்டு, "இப்பத்தான் சார் தண்ணி மாதிரி இருக்கு" என்றார்.

காம்பவுண்டுக்கும் இந்த ஏற்பாடு பிடித்துப்போயிற்று. அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மெஷினில் குழாய்த் தண்ணீரை ஊற்ற யாருக்கு மனசு வரும்? அறைக்கு ஒன்று என்றிருந்த கேன் இப்போது இரண்டானது. ஒன்று மெஷினுக்கு, இன்னொன்று, மெஷின் ரிப்பேரானால் குடிக்க.

தங்கமாரிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஒவ்வொரு வாசலாகக் கேன் இறங்குவதைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்போடேயே படப்பைக்குப் போய்த் தன் ஃபில்டருக்குப் புதுக் கேண்டில் இரண்டு வாங்கிவந்தாள். பெட்டியைப் பிரித்தபோது உள்ளே ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. 'வாரம் ஒருமுறை கழற்றி, சுத்தமான குடிநீரில் மட்டும் கழுவவும்.'

அவள் சிரிப்பு நின்றது. இவ்வளவு நாளும் குழாயடியில் தேய்த்துக் கழுவியது நினைவுக்கு வந்தது. ஃபில்டரில் சொட்டுவது இரண்டு பேர் குடிக்கவே சரியாக இருந்தது, கழுவ மிஞ்சாது. குழாய்த் தண்ணீரிலும் கழுவக்கூடாது. எந்தப் பக்கம் யோசித்தாலும் வழி ஒன்றுதான் தெரிந்தது. எழுந்து வாசலுக்குப் போனாள்.

"அண்ணாச்சி! இங்கயும் ஒரு கேன் எறக்குங்க."

முனிரத்தினம் கேனோடு அப்படியே நின்றுவிட்டார். "உனுக்கா?"

"குடிக்கதுக்கு இல்ல. கேண்டில் கழுவ."

உள்ளே சுகப்பிரியா தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள்.

"சிரிக்காத ஏட்டி" என்றாள் தங்கமாரி. "இது வேற."