கடைசி செட் தோசைப் போர்

வாழ்க செந்தமிழ்செல்வன்! சிதம்பரம் பேருந்து நிலையத்தின் எதிரே, சவரிமேரி டிபன் கடையின் ஒற்றைப் பெஞ்சை ஓடிவந்து கைப்பற்றிய ஆங்கில டியூஷன் ஆசிரியர், பசியெனும் பெரும்படை வயிற்றுக் கோட்டையை முற்றுகையிட, கடலூரிலிருந்து நின்றபடியே வந்திறங்கிய தீரர். அதே பசியோடு அவர் பின்னே வந்து சேர்ந்தான் மனைவியின் தம்பி எழிலன்.

கடைக்கு அரசியாகிய சவரிமேரி, மாவுப் பாத்திரத்தைச் சாய்த்துப் பார்த்துப் பிரகடனம் செய்தார்: "ஒரு செட்டுக்குத்தான் மாவு இருக்கு. செட்டுன்னா ரெண்டு தோசை, ஒரே தட்டு. பிரிச்சு வெக்க மாட்டேன்."

மூண்டது போர். ஆசிரியர் தம் ஆயுதசாலையைத் திறந்தார்.

"செட்டுங்கிறது, ‘உக்கார வை’ன்னு அர்த்தம் உள்ள பழைய இங்கிலீஷ் சொல்லு மச்சான். சூரியன் செட் ஆவறது, சிமென்ட் செட் ஆவறது, எல்லாம் உக்கார்றதுதான். இங்க மொதல்ல உக்காந்தது நான்."

எழிலன் கைபேசியைக் கேடயமாய் உயர்த்தினான்.

"பம்ப்செட்டு, மைக்செட்டு எல்லாம் வேற சொல்லு மாமா. லத்தீன்ல ‘பின்னால வர்ற கூட்டம்’னு போட்டிருக்கு. ஒங்க பின்னால வந்தது யாரு?"

இரண்டு வாளும் கூர்மையானவை. ஏனெனில் இருவர் சொன்னதும் மெய். உட்காரவைக்கும் செட் ஒரு குலம், கூட்டமாய்ச் சேரும் செட் வேறு குலம். வெவ்வேறு கொல்லைக் கரும்பு நெல்லிக்குப்பம் ஆலைக்குள் புகுந்து ஒரே சர்க்கரையாய் வெளிவருவதுபோல, அவ்விரண்டும் ஒரே ஒலியாய்க் கலந்து, எந்தப் பொருள் எந்தக் கரும்பின் சாறு என்று அகராதிக்காரரையே தலைசொறிய வைத்துவிட்டன.

"அர்த்தம் எங்கயும் போவாது. தோசை ஆறிடும்," என்ற சவரிமேரி, சட்டம் வழுவாமல் தட்டை இருவருக்கும் நடுவே வைத்தார்.

உடனே எல்லை வகுக்கப்பட்டது. கத்தரிக்காய்க் கொத்சு நடுவில் கொள்ளிடமாய்ப் பாய, வடகரைத் தோசை மாமனுக்கும் தென்கரைத் தோசை மச்சானுக்கும் ஆயின. விரல்கள் குதிரைப்படையெனப் பாய்ந்தன.

"மாமா, ஒங்க வெரலு எங்க கரைக்கு வருது."

"வெள்ளம் வந்தா கரை எங்கடா தெரியும்?"

அண்டம் நடுங்க, பெஞ்சு ஆட, கொத்சு சட்டைகளில் வீரத்தழும்பாய்த் தெறிக்க, இமைப்பொழுதில் இருகரையும் துடைத்தெடுக்கப்பட்டு, தட்டு வெறும் எவர்சில்வராய் மின்னியது.

பசி அடங்காமல் இருவரும், ஏற்கெனவே அவித்து வைத்திருந்த இட்லியில் ஆளுக்கு நாலு சாப்பிட்டார்கள்.