தொகுதிக்குத் தேவை சாக்கு

சர்வே அறிக்கையில் 'மக்களின் முதல் தேவை' என்ற கட்டம் மட்டும் காலியாகவே கிடந்தது.

சுப்ரமணியன் ஹொன்னகெரே தொகுதியைக் கண்ணால் கண்டதில்லை. பெங்களூர் பிரேசர் டவுன் ஆபீசில் ஏ.சி.க்கு அடியில் உட்கார்ந்தே, அந்தக் கிராமத்துத் தொகுதியின் ஜாதி, ஏரி, எருமை எல்லாவற்றையும் நாற்பது பக்கத்துக்கு எழுதிவிட்டான். எம்.எல்.ஏ.வுக்குப் பிடித்தால்தான் வேலை நிரந்தரம். வேலை நிரந்தரமானால்தான் பெண் கொடுப்பேன் என்று கும்பகோணத்தில் ஒருவர் பிடிவாதமாக இருந்தார்.

ஊர்க்காரர்களுக்குப் போன் போட்டுக் கேட்டவள் கூட வேலை பார்க்கும் பிரிஜெட். தங்கை கல்யாணத்துக்கு லீவில் போய்விட்டாள். அவள் நோட்டில் நூறு பெயர்கள். எழுபத்தோரு பெயருக்கு எதிரே தமிழ் எழுத்தில் ஒரே வார்த்தை: சாக்கு.

"ராகி கட்டச் சாக்கு வேணாமா பின்னே!" என்று சுப்ரமணியன் இங்கிலீஷில் இரண்டு பக்கம் விளாசினான்.

"கோணியா கேக்கறாங்க? நான் ரோடுன்னு பயந்துட்டிருந்தேன்!" என்று எம்.எல்.ஏ. மஞ்சுநாத் பூரித்துப்போனார். "வீட்டுக்கு எத்தனை?"

"ரெண்டு போதும் சார்."

"என் போட்டோ போட்டு நாலா குடுத்துடலாம்."

பத்தே நாளில் போன் வந்தது. "யோவ், வாசல்ல போட்டு என் மூஞ்சில கால் துடைக்கறாங்கய்யா!"

அன்றுதான் பிரிஜெட் லீவு முடிந்து வந்தாள். விஷயத்தைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"ஐயோ சார், அது கன்னடம்! சாக்குன்னா போதும்னு அர்த்தம். இன்னொண்ணு சார்..."

கன்னடத்தில் 'கன்னட கொத்தில்லா', அதாவது கன்னடம் தெரியாது என்பது மட்டுமே தெரிந்த சுப்ரமணியன் அதற்குள் ஆட்டோவில் ஏறியிருந்தான். வேலை போனாலும் போகட்டும், பொய் வேண்டாம் என்று எம்.எல்.ஏ. முன்னால் போய் நின்றான்.

"சார், ஜனங்க கோணி கேக்கல. நீங்க இருந்தது போதும்னு சொல்லியிருக்காங்க."

மஞ்சுநாத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "பதினஞ்சு வருஷத்துல என்கிட்ட உண்மை பேசின மொத ஆளு நீதான்" என்றார். மறுநாளே அரசியலை விட்டு விலகுவதாக அறிவித்து, தொகுதியை மச்சானிடம் ஒப்படைத்தார். போகிற போக்கில் சுப்ரமணியனின் வேலையையும் நிரந்தரமாக்கச் சொன்னார்.

சுப்ரமணியன் மைசூர்பாகோடு பிரிஜெட்டின் மேஜைக்கு ஓடினான். "எடுத்துக்கோங்க! ஒரு எம்.எல்.ஏ.வையே வீட்டுக்கு அனுப்பின சர்வே உங்களுது."

"அன்னிக்கே சொல்ல வந்தேன், நீங்க எங்க நின்னீங்க?" என்றாள் பிரிஜெட். "அவங்க யாரும் எம்.எல்.ஏ.வைச் சொல்லல சார். 'சர்வேலருந்து பேசறேன்'னு நான் வாயைத் தெறந்ததுமே, 'சாக்கு மேடம்'னு போனை வெச்சுட்டாங்க."