கனகாம்பரத்துக்குப் போன என் மங்கி குல்லா

என் மங்கி குல்லாவைத் திருடியது கனகாம்பரம்தான். இருபது வருஷம் ஆகிறது, அந்த ஆள் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

எனக்கு அடுத்த மேஜைக்காரருக்கு ஆபீசில் நாங்கள் வைத்த பேர் அது. திருநெல்வேலிக்காரர். அவரைப் போல ஒரு கிறுக்கரை டெல்லி அதற்கு முன் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கப்போவதில்லை. ஒரு கார்த்திகை மாசம் புதுப் பெண்டாட்டியையும் ஒரு கனகாம்பரச் செடியையும் ஒரே ரயிலில் கொண்டுவந்து கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் இறக்கினார். அந்தப் பெண்ணுக்கு ஊர் பிடிக்கவில்லை. "தலைக்கு ஒரு கனகாம்பரம் கிடைக்காத ஊர்ல என்ன குடித்தனம்? இந்தச் செடி பொழைக்கலைன்னா மாசியில நான் கிளம்பிருவேன்" என்று சொல்லிவிட்டாள்.

டிசம்பர் வந்தது. செடியைவிட இவர் அதிகமாக நடுங்கினார். தினமும் தொட்டியோடு ஆபீசுக்கு வந்தார். சார்ட்டர்ட் பஸ்ஸில் அதை சீட்டில் உட்காரவைத்துவிட்டு இவர் நின்றுகொண்டு வருவார். எங்கள் அறைக்கு ஒரே ஹீட்டர். அதையும் செடிப் பக்கம் திருப்பிவிட்டார்.

"ஓய், ஹீட்டர் மனுஷனுக்கா, செடிக்கா?" என்று கத்தினேன்.

"நீரு பழகிட்டீரு வே. இதுக்குப் பூர்வீகம் நம்ம தெக்குச் சீமையும் சிலோனும். பனின்னா என்னன்னே தெரியாது, பாவம்."

"காம்பவுண்டு சுவர்ல காகிதப்பூ பூத்துத் தள்ளுதே, அதுக்கு எவன்யா ஹீட்டர் போட்டான்?"

"அவன் பிரேசில்காரன். எங்க விட்டாலும் பொழைச்சுக்கிடுவான். இவ அப்படியில்ல வே."

ஒருவேளை செடி பட்டுப்போனால் விதையாவது மிஞ்சட்டும் என்று, ஊரிலிருந்து கொண்டுவந்த காய்ந்த நெற்றுகளை ஆபீசர் மேஜையில் வெயில் விழும் இடத்தில் பரப்பினார். கனகாம்பர நெற்று ஈரம் பட்டால் வெடிக்கும். ப்யூன் அதன்மேல் டீயைக் கொட்டினான். பட்! படபட! விதைகள் ஆபீசர் நெற்றியில் தெறித்தன. பஞ்சாபி மனுஷர் மேஜைக்கடியில் பாய்ந்து, "பம் ஹை! பாகோ!" என்று வெடிகுண்டுக்குப் பயந்து அலறினார். மாடியே காலி. இவர் மட்டும் தரையில் தவழ்ந்து, "பம் நஹீ சாப், பீஜ் ஹை!" என்று விதை பொறுக்கிக்கொண்டிருந்தார்.

அன்றோடு செடிக்கு ஆபீசில் தடை. அன்றைக்கே நாற்காலியில் கழற்றி வைத்திருந்த என் குல்லாவையும் காணோம்.

தை மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலையில் நேரே அவர் வீட்டுக்குப் போனேன். பால்கனியில் செடி நின்றது. ஒரு இலை கிடையாது. மொட்டைக் குச்சி, அதன் தலையில் என் குல்லா. என் மனைவி பச்சை நூலில் ஒட்டுப்போட்ட அதே குல்லா!

"டெல்லியில எல்லாக் குல்லாவும் இப்படித்தான் வே இருக்கும்" என்றார், கண்ணில் தண்ணீரோடு.

உள்ளே பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த அந்தப் பெண் சத்தம் கேட்டு வெளியே வந்தாள். குச்சியைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். சிரித்தாள் பாருங்கள், டெல்லிக்கு வந்து முதல் தடவையாக, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"இந்தக் கிறுக்கைத் தனியா விட்டுட்டு நான் எப்படி அண்ணாச்சி போவேன்?" என்று என்னிடம் கேட்டாள். டிக்கெட் கேன்சல். நான் குல்லாவைக் கேட்கவில்லை.

சித்திரையில் குச்சி துளிர்த்துப் பூத்தது. முதல் சரம் என் வீட்டுக்கு வந்தது. சில வருஷத்தில் அவருக்குத் தூத்துக்குடிக்கு மாற்றல். செடி போனது, குல்லாவும் கூடவே போனது.

ஓய் கனகாம்பரம், உம்மைத்தான் கேட்கிறேன். தூத்துக்குடியில் செடிக்குக் குளிராது. பிறகு எதற்கு என் குல்லாவைக் கொண்டுபோனீர்? இதே பத்திரிகையில், நாலு பேர் பார்க்கப் பதில் எழுதும். குல்லா வேண்டாம். அந்தச் செடி இன்னும் பூக்கிறதா, அதை மட்டும் சொல்லும்.