உன் அத்தானும் எட்டு ஓட்டைப் படகும்

பாபநாசம்
தை மாதம், சனிக்கிழமை

அன்புள்ள தம்பி இளம்பரிதிக்கு,

நாற்காலியில் உட்கார்ந்துவிட்ட ஒரு மனிதரை எப்படி எழுப்புவது? எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது என்பது நீ அனுப்பிய படகு வந்து இறங்கியதும் தெரிந்தது. நீயும் வானதியும் பிள்ளைகளும் மஸ்கட்டில் நலமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே நான் நலம். உன் அத்தானைப் பற்றி அந்தச் சொல்லை எழுதக் கை வரவில்லை. போனில் சொன்னால் சிரிப்பாய் என்றுதான் தாளில் எழுதுகிறேன். அங்கேயே சிரித்து முடித்துக்கொள்.

நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து, நிலத்தைக் குத்தகைக்கு விட்டபின் அவர் ஒரு வருஷமாக டிவிக்கு எதிரே உட்கார்ந்திருந்தது உனக்குத் தெரியும். டிவி ஓடாதபோதும் அதன் எதிரேதான். டாக்டர், "நடக்கலாம், நீந்தலாம், கோபப்படத்தான் கூடாது" என்றார். இவர் மூன்றையும் செய்யவில்லை. கோபமாவது பட்டால் தேவலை என்று எனக்கே தோன்றும். அப்போதுதான், அத்தான் மீன் பிடிக்கட்டும் என்று நீ அந்தக் கயாக்கை அனுப்பினாய். ஒற்றை ஆள் துடுப்புப் படகு என்று எங்களுக்கு எழுதியும் சொன்னாய். வந்த அன்று மனிதர் எழுந்தார். தடவினார், தட்டினார், புரட்டினார். உட்காரும் தளத்திலிருந்து அடிவரை துளைத்துக்கொண்டு போகும் எட்டு ஓட்டைகள். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவர் குரல் தெருவரை கேட்டது: "ஜெயா, உன் தம்பிய நல்லா ஏமாத்திட்டானுங்க!"

தவறிப்போய் விழுந்த ஓட்டை இப்படி அளவெடுத்து இரண்டிரண்டாக விழுமா என்று கேட்டேன். பௌதிகம் எம்.எஸ்ஸி. படித்தவள் என்ற முறையில் ஒருமுறை கேட்பது என் கடமை. இரண்டாம் முறை கேட்பதைக் கல்யாணமான புதிதிலேயே விட்டுவிட்டேன். "நண்டு வளையப் பத்தி அந்தக் கம்பெனிக்காரனுக்கு என்னா தெரியும்?" என்றார். வரப்பில் நண்டு துளைத்தால் களிமண்ணும் வைக்கோலும் பிசைந்து அடைப்பாரே, அதேபோல் எட்டையும் அடைத்து, குதிகாலால் மிதித்து, வெயிலில் காயவைத்தார். கவிழ்ந்தால் எப்படி ஏறுவது என்று நீ அனுப்பிய வீடியோவை, "அது ஓட்டை இல்லாத படகுக்கு" என்று தள்ளிவிட்டார்.

குடமுருட்டி ஆறு வீட்டுக்குப் பின்னாலேயே ஓடுகிறது. ஆனால் அங்கே ஊர் பார்க்கும். ஆகவே நம்மை யாருக்கும் தெரியாத நாகூருக்கு, வெட்டாறு கடலில் சேரும் இடத்துக்கு, குட்டியானை வண்டி பிடித்துப் போனோம். தூண்டில்கள், புளியோதரை அடைத்த டிபன் கேரியர், தெர்மாஸ், குடை, மாத்திரைப் பை, இன்னும் பிடிக்காத கொடுவா மீனுக்கு ஐஸ் பெட்டி எல்லாம் ஏறின. போதாததற்கு அரை மூட்டை விதைநெல். "கனம் இருந்தாதான் ஆடாது" என்று அதைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டினார். லைஃப் ஜாக்கெட்டை மாட்டச் சொன்னேன். புழுங்குகிறது என்று மடித்து உட்காரப் போட்டுக்கொண்டார்.

என்னைக் கரையில் நிறுத்திவிட்டுத் துடுப்புப் போட்டுப் போனார். அடைப்பு அருமையாக நின்றது. வினையே அதுதான். ஒரு விசைப்படகு கிளப்பிய அலையில் உள்ளே விழுந்த தண்ணீர் வடிய வழியில்லாமல் அங்குமிங்கும் ஓட, அதை இறைப்பதற்காக டிபன் கேரியர் மூடியோடு எழுந்து, வயலில் நிற்பதுபோல நின்றார். விழுந்த தண்ணீர் வடிவதற்காகவே அந்த எட்டு ஓட்டைகளும் என்று எனக்குப் புரிந்தபோது, அவரையும் நெல்லையும் தவிர எல்லாச் சாமானும் மிதந்துகொண்டிருந்தது. லைஃப் ஜாக்கெட் எல்லாவற்றுக்கும் முன்னால் போனது. அவர் தலை தெரியும்வரை எனக்கு என்ன ஆயிற்று என்பதை எழுதப்போவதில்லை.

தலை தெரிந்தது. கழுத்தளவுத் தண்ணீர். குப்புறக் கிடந்த படகுக்கு அடியில் நெல் மூட்டை நங்கூரமாகத் தொங்க, இவர் அதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார். பக்கிரி என்ற மீனவர் ஃபைபர் படகில் வந்தார்.

"ஐயா, கயித்த விடுங்க! போட்டப் பொரட்டணும்!"

"வெத நெல்லுய்யா! எப்படி விடறது?"

கரையில் என் பக்கத்தில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்த காத்தாயி என்ற அம்மாள் என் ஊர், குலம் எல்லாம் ஏற்கெனவே விசாரித்து முடித்திருந்தார். "வெத நெல்லு ஊறவைக்கவா பாபநாசத்துலேந்து வந்தீங்க? அங்க தண்ணி வரலயா?" என்று கத்தினார்.

பக்கிரி முதலில் நெல்லைத் தன் படகில் ஏற்றி, மிதந்த லைஃப் ஜாக்கெட், குடை எல்லாம் பொறுக்கி, பிறகு கயாக்கைப் புரட்டிப் போட்டு, அடைப்புகளைப் பார்த்தார். "ஓட்டப் படகாய்யா இது? நல்ல வேள, அடச்சீங்க" என்றார். அந்த ஆதரவில் உன் அத்தான் கயாக்கில் ஏறப் பார்த்தார். இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் விழுந்தார். அந்தப் பக்கம் ஏறி இந்தப் பக்கம். "எருமை மேல ஏறுற மாரி காலத் தூக்காதீங்க ஐயா!" என்றார் காத்தாயி. கரை முழுதும் சிரித்தது. சிரிக்காமல் நின்றது நான் ஒருத்தி. அவர் நிமிர்ந்து என் முகத்தைத்தான் பார்த்தார். பிறகு ஏற முயலவில்லை. நெல்லின் பக்கத்தில் இன்னொரு மூட்டையாகக் கரை சேர்ந்தார்.

இதயத்துக்கு ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் அன்றிலிருந்து மறுபடி அதே நாற்காலி. உப்புத் தண்ணீரில் ஊறிய நெல் வாசலில் காய்கிறது, அதைக்கூட எட்டிப் பார்க்கவில்லை. படகு வருவதற்கு முன்பாவது சாப்பாட்டில் உப்பில்லை என்பார். இப்போது அதுவும் இல்லை. ஆகவே, திருப்பனந்தாளில் இருக்கும் உன் சிநேகிதரை அனுப்பிப் படகை எடுத்துப் போகச் சொல். இனி எதையும் அனுப்பாதே. அவர் இனித் தண்ணீர்ப் பக்கம் போகமாட்டார். நானும் விடமாட்டேன். இதில் மறுபேச்சு வேண்டாம்.

வானதிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். அவர்கள் நன்றாகப் படிக்கட்டும், நீச்சலும் பழகட்டும்.

உன் அக்கா
ஜெயபாரதி

பின்குறிப்பு (ஞாயிறு): இன்று தபாலாபீஸ் விடுமுறை என்பதால் கடிதம் மேஜையில் கிடந்தது. காலையில் அவர் படித்துவிட்டார். "நானும் விடமாட்டேன்" என்ற வரியில் விரலை வைத்து, "யாரக் கேட்டு எழுதின?" என்றார். டாக்டர் கூடாதென்ற அதே கோபம். கேட்கக் கேட்க நன்றாக இருந்தது. எழுந்து போய், உடைந்த குடைக் கம்பியால் எட்டு ஓட்டையையும் குத்தி எடுத்தார். லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, மூட்டை முடிச்சு எதுவும் இல்லாமல், குடமுருட்டியில் இடுப்பளவுத் தண்ணீரில் படகை இறக்கி, ஊரே பாலத்தில் நின்று பார்க்க, வேண்டுமென்றே கவிழ்த்தார். ஏறினார், விழுந்தார், மறுபடி கவிழ்த்தார். உச்சிவெயில் வருவதற்குள் உன் வீடியோவில் உள்ளபடியே வயிற்றால் ஏறி, புரண்டு, உட்கார்ந்துவிட்டார். பிறகு என்னைப் பார்த்து, "நேத்து விடமாட்டேன்னு எழுதினவங்க யாரு, வந்து ஏறுங்க" என்றார். ஒற்றை ஆள் படகு என்று ஒருமுறை சொன்னேன். ஏறினேன். கவிழ்ந்தோம்.