ஒஹையோவுக்குப் போக வேண்டிய கேசட்

பிடில் கேட்க வேண்டிய கேசட்டில் ஒரு ஆள் மாட்டைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தான்.

"...செவலை இப்ப எம்புட்டுப் பால் கறக்குது, சரோஜா? மழைக்கு முன்னாடி கூரை ஓடுகள மாத்திப்புடு. பெரியவன் பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காப் போறானா?"

கல்யாணசுந்தரம் டேப்ரெக்கார்டரை நிறுத்தினார். கேசட்டை வெளியே எடுத்தார், திருப்பிப் பார்த்தார், ஊதினார், மறுபடி போட்டார். மறுபடியும் செவலைதான் வந்தது.

"ஷியாமளா! இது அழகுமலை குரல்!"

"அவர் குரல்தான். அதுக்கு ஏன் கூரை இடிஞ்ச மாதிரி கத்தறீங்க?" என்றாள் மனைவி.

"என் கேசட் எங்கே?"

"ஃபிரிட்ஜ் மேலே ரெண்டு கேசட் இருந்தது. காலையிலே அழகுமலை வந்து, 'என்னோடத எடுத்துக்கிறேங்க்கா'ன்னு ஒண்ணை எடுத்துட்டுப் போனார்."

"எதை எடுத்தான்?"

"இப்போ உங்க கையிலே இல்லாததை."

ஷார்ஜாவில், ரோலா சதுக்கத்துக்குப் பக்கத்தில் மூன்றாவது மாடி. 1978. விடுமுறை நாளான வெள்ளிக்கிழமை. பிழைப்புக்குக் கல்யாணசுந்தரம் கட்டடக் கம்பெனி ஒன்றில் வரைபடம் போடுகிறவர். ஆனால் அவர் பிறந்தது அதற்காக இல்லை. எழுபது எண்பது வருடங்களுக்கு முன்னால் அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு பாடிக்கொண்டிருந்த பாட்டுகளுக்கு மறுபடி உயிர் கொடுக்கத்தான் தான் பிறந்திருப்பதாக அவர் நம்பினார். அவர் மனைவி இதில் கருத்துச் சொல்வதை நிறுத்திப் பல வருடங்கள் ஆகின்றன.

கல்லூரியில் படிக்கும்போது சென்னையில் ஒரு பழைய புத்தகக் கடையில் கிடைத்த கட்டு அது. பெரிய தொப்பி வைத்த சீமாட்டிகளின் படம் போட்ட அட்டை, உள்ளே பாட்டும் மேல்நாட்டு இசைக் குறிப்பும். ஒன்பது வயதிலிருந்து பிடில் கற்றவர். உட்கார்ந்து அத்தனையையும் ஸரிகமவாக மாற்றி எழுதினார். இந்தப் பாட்டுகளை அமெரிக்காக்காரர்களே மறந்துவிட்டார்கள் என்று பிற்பாடு தெரிந்தது. சரி, இனி இது நம் பொறுப்பு என்று தலையில் போட்டுக்கொண்டார்.

கேட்கத்தான் ஆள் இல்லை. ஆபீஸ் நண்பர்கள், "சினிமாப் பாட்டு ஏதாவது வாசிங்க சார்" என்பார்கள். ஷியாமளா பிடில் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டதும் எதிர்வீட்டு ஜுலைஹா பீவியிடம் போய்விடுவாள். ஒருமுறை சைட்டுக்கு வந்த அமெரிக்க எஞ்சினியரையே பிடித்து உட்காரவைத்து வாசித்துக் காட்டினார். அந்த மனுஷன் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "இந்திய இசை ரொம்ப ஆழமானது" என்றார்.

"சார், இது உங்க ஊர்ப் பாட்டு!"

"அப்படியா?" என்று ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அந்த நிலைமையில்தான் ஒஹையோவிலிருந்து கடிதம் வந்தது. அங்கே பழம்பாடல்களுக்கென்று ஒரு சங்கம். மூன்று பாட்டுகளைப் பதிவு செய்து அனுப்பினால், நன்றாக இருப்பதை ஆண்டு விழாவில் போடுவார்களாம். இருநூறு பேர் உட்கார்ந்து கேட்பார்களாம்! கல்யாணசுந்தரத்துக்கு இருநூறு பேர் வேண்டாம். ஒரே ஒரு ஆள் முழுசாகக் கேட்டு, இன்னொரு தடவை வாசி என்று சொன்னால் போதும். ஏழு வருட ஏக்கம் அது.

வியாழக்கிழமை மத்தியானம் பதிவு செய்தார். ஏசி இரைகிறது என்று அதை அணைத்தார். ஆகஸ்ட் மாதம்! வேட்டியைப் பிழிந்தால் ஒரு வாளி தேறும். நாலாவது முயற்சியில் கேஸ் சிலிண்டர்காரர் கதவைத் தட்டினார். ஏழாவதில் இவரே தும்மினார். பதினோராவதில் மூன்று பாட்டும் பிசகில்லாமல் வந்தன. கடைசிச் சுரத்தை இழுத்து முடித்த கையோடு மேல் தந்தி பட்டென்று அறுந்தது. வேறு தந்தி பம்பாயிலிருந்து வந்தால்தான் உண்டு. எனவே இன்னொரு தடவை வாசிக்க வழியில்லை. சனிக்கிழமை காலை தபாலில் போடாவிட்டால் ஒஹையோவின் கடைசித் தேதிக்குள் போய்ச் சேராது.

அப்படிப்பட்ட கேசட்டைத்தான் அழகுமலை எடுத்துப் போயிருந்தான்.

அழகுமலை முதுகுளத்தூர்ப் பக்கத்து ஆள். அதே கம்பெனி சைட்டில் கம்பி கட்டுகிறவன். அவனுக்கும் எழுத வராது, அவன் மனைவி சரோஜாவுக்கும் படிக்க வராது. அதனால் தொழிலாளர் கேம்பில் பலரைப் போல அவனும் கேசட்டில் பேசி, லீவில் போகிறவர்கள் கையில் கொடுத்தனுப்புவான். இரண்டு வருடமாக வெள்ளிக்கிழமைதோறும் கல்யாணசுந்தரம் வீட்டுக்கு வந்து, டேப்ரெக்கார்டரைச் சமையலறைக்குக் கொண்டுபோய் உட்கார்ந்து பேசுவான். ஹாலில் இவர் பிடில் சாதகம் செய்வார். போன வெள்ளி பேசிய கேசட்டைத்தான் ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டுப் போயிருந்தான்.

"இந்தத் தடவை யார்கிட்ட கொடுத்தனுப்பறான்?"

"கீழக்கரை சுஐபு பாய்கிட்ட. பதினோரு மணிக்கு துபாய் ஏர்போர்ட்டுக்குக் கிளம்பறாராம்."

மணி பத்தே முக்கால். கல்யாணசுந்தரம் ஒரு கக்கத்தில் டேப்ரெக்கார்டரும் சட்டைப் பையில் அழகுமலையின் கேசட்டுமாக, மாடிப்படியில் இரண்டிரண்டு படியாகத் தாவினார்.

சுஐபுவின் ரூம் வாசலில் பிக்கப் வண்டி உறுமிக்கொண்டிருந்தது. பின்னால் ஏறி நின்று பெட்டிகளைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தான் அழகுமலை.

"அழகுமலை! என் கேசட்டை எடுத்து வந்துட்டியே!"

"அய்யய்யோ! ரெண்டும் அச்சு அசலா ஒண்ணுபோல இருந்துச்சு சார்!"

"பரவாயில்லை, கொடு. உன்னோடது இதோ இருக்கு."

"சுஐபு பாய் தகரத்துக்குள்ள வச்சுட்டாரே!"

முன் சீட்டிலிருந்து சுஐபு தலையை நீட்டினார். "சார், பிளேனு நமக்காக நிக்காது. ஏறுங்க, போற வழியிலே எடுத்துக்குங்க. பிஸ்கட் தகரம். பன்னெண்டு கேசட் இருக்கு. ஒவ்வொண்ணுலயும் ரப்பர் பேண்டு போட்டுப் பேர்ச்சீட்டு சொருகியிருக்கேன். யல்லா, சீக்கிரம்!"

கல்யாணசுந்தரம் ஏறினார். வண்டி கிளம்பியது. தகரத்தைத் திறந்ததும் 'அழகுமலை - சரோஜா' என்று சீட்டு வைத்த கேசட் மேலேயே இருந்தது. எடுத்தார். அவன் கேசட்டை உள்ளே வைத்தார். அதோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

"எதுக்கும் போட்டுப் பார்த்துடறேன்" என்று அதை மறுபடி வெளியே எடுத்து, இரண்டையும் மடியில் வைத்து, சீட்டு வைத்த ரப்பர் பேண்டை உருவினார்.

"அப்ப மத்ததும் சரியா இருக்கான்னு பாத்துருவமா சார்? சுஐபு பாய் அவசரத்துல மாத்திச் சொருகியிருந்தா?" என்று அழகுமலை தன் பங்குக்கு மற்றச் சீட்டுகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றினான்.

அந்த நேரம் பார்த்து ரவுண்டானாவில் ஒரு டாக்சி குறுக்கே வந்தது. டிரைவர் பிரேக்கை மிதித்தான். தகரம் பறந்தது. பதின்மூன்று கேசட்டுகளும் வண்டி முழுக்கச் சிதறின. பேர்ச்சீட்டுகள் மொத்தமும் காற்றில் ஏறிப் பாலைவனத்துக்குப் போய்விட்டன.

"என்ன சத்தம் அங்கே?" என்று சுஐபு முன்னாலிருந்து கேட்டார்.

"ஒண்ணுமில்ல பாய்!" என்று இருவரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

"சார், இப்ப என்ன செய்யிறது? பன்னெண்டு வீட்டுக்குப் போக வேண்டிய பேச்சு!"

"பதறாதே. ஒவ்வொண்ணாப் போட்டுக் கேட்போம். உனக்குத்தான் எல்லார் குரலும் தெரியுமே. நீ ஆளைச் சொல்லு, நான் பேர் எழுதறேன்."

பாட்டரி தீர்ந்துவிடக் கூடாதென்று அழகுமலை பேனாவைக் கேசட் ஓட்டையில் விட்டுச் சுழற்றி நாடாவை ஆரம்பத்துக்குக் கொண்டுவந்தான். கல்யாணசுந்தரம் ஒவ்வொன்றிலும் பத்து விநாடி மட்டும் கேட்டார். அந்தப் பத்து விநாடியிலேயே கேம்பின் மானம் கப்பலேறியது.

மேஸ்திரி கார்மேகம். சைட்டில் வாயைத் திறந்தால் காது கூசும்படி ஏசுகிற ஆள். கேசட்டில் பெண்குழந்தைக்குத் தாலாட்டுப் பாடிக்கொண்டிருந்தார், அதுவும் சொந்தமாகக் கட்டிய தாலாட்டு.

"இவரா? நம்ம மேஸ்திரியா?" என்று அழகுமலை வாயில் கை வைத்தான்.

பொன்னுச்சாமி தன் மனைவியிடம், தான் இங்கே ஏசி ரூமில் மேனேஜராக இருப்பதாகவும், கீழே இருநூறு பேர் கைகட்டி நிற்பதாகவும் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் மெஸ்ஸில் சப்பாத்தி போடுகிறவர்.

ஏழாவது கேசட்டைப் போட்டதும் பிடில்!

"வந்துடுச்சு! என் பிடில்!" கல்யாணசுந்தரம் ஓடுகிற வண்டியில் எழுந்து நின்றே விட்டார். முதல் பாட்டு, ரயிலடியில் காதலனுக்காகக் காத்திருக்கும் பெண் பாடுவது. காற்று இரைச்சலிலும் அந்த மூன்று எண்ணிக்கைத் தாளம் அவருக்குப் புரிந்தது. நிறுத்தி, எடுத்து, பனியனுக்குள் போட்டுக்கொண்டார். சந்தோஷத்தில் அழகுமலையைக் கட்டிக்கொண்டார்.

அதற்குள் பாட்டரி இறங்கிவிட்டது. எட்டாவது கேசட்டில் பேசியவர் கிணற்றுக்குள்ளிருந்து எருமை பேசுவது போலப் பேசினார். மிச்சத்துக்கு அழகுமலை குத்துமதிப்பாகப் பெயர் சொன்னான். இன்னும் சீட்டுச் சொருகாமல் மேலே வைத்திருந்த கார்மேகமும் பொன்னுச்சாமியும் அடுத்த திருப்பத்தில் ஒரு உருளல் உருண்டு இடம் மாறினார்கள். கடைசியாக ஒரு கேசட் மிஞ்சியது. அதைப் போட்டுப் பார்க்க டேப்ரெக்கார்டரில் உயிரில்லை.

"மிஞ்சினது உன்னோடதாத்தான் இருக்கணும்" என்று 'சரோஜா' என எழுதிச் சொருகினார் கல்யாணசுந்தரம். ஏர்போர்ட்டில் சுஐபுவை வழியனுப்பிக் கையாட்டினார்கள். மறுநாள் காலை தபால் நிலையத்தின் கதவு திறக்கும்போதே கல்யாணசுந்தரம் வாசலில் நின்றார். கேசட் ஒஹையோவுக்குப் பறந்தது.

அதன்பின் ஒன்றரை மாதம். பொன்னுச்சாமியின் மனைவிக்குக் கார்மேகத்தின் தாலாட்டும், கார்மேகத்தின் மனைவி இருக்கும் மாமனார் வீட்டுக்கு மேனேஜர் உத்தியோகச் செய்தியும் போய்ச் சேர்ந்தன. மருமகன் பெரிய மேனேஜர் ஆகிவிட்டார் என்று மாமனார் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். கார்மேகமும் பொன்னுச்சாமியும் சேர்ந்து வந்து கல்யாணசுந்தரம் வீட்டு வாசலில் நின்று ஏசிவிட்டுப் போனார்கள். அவர் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டார். மனசு முழுக்க ஒஹையோ இருந்தது.

பதில் வந்த அன்று ஷியாமளா கேசரி கிளறினாள். கல்யாணசுந்தரம் உறையைக் கிழித்து உரக்கப் படித்தார்.

"'அன்புள்ள ஐயா, உங்கள் கேசட் கிடைத்தது. முதல் அரை நிமிடம் தூரத்தில் யாரோ வயலின் வாசிக்கிறார்கள். பிறகு அந்த வயலினை அமுக்கிக்கொண்டு ஒருவர் நாற்பது நிமிடம், எங்களுக்குப் புரியாத மொழியில், மிகுந்த அக்கறையோடு எதையோ விசாரிக்கிறார். என்ன விசாரிக்கிறார் என்று தெரிந்திருந்தால் உதவியிருப்போம். கடைசித் தேதி முடிந்துவிட்டது...'"

ஷியாமளா கரண்டியைக் கீழே வைத்தாள். "அழகுமலை பட்டனை அழுத்தினதும் கூச்சத்திலே அரை நிமிஷம் பேசாம உட்கார்ந்திருப்பாரே! நீங்க ஹால்லே வாசிக்கறது அதிலே விழுந்திருக்கு. அதைக் கேட்டுட்டுத்தான் உங்களோடதுன்னு..."

"அவன் கேசட்டை அமெரிக்காவுக்கு அனுப்பியிருக்கேன். என்னோடது முதுகுளத்தூருக்குப் போயிருக்கு."

கல்யாணசுந்தரம் நாற்காலியில் உட்கார்ந்தார். அழுகை வந்தது, மறைக்கவும் தோன்றவில்லை. "ஏழு வருஷம் ஷியாமளா. ஒரு ஆள். ஒரே ஒரு ஆள் முழுசாக் கேட்டிருந்தா போதும்."

"வாசிங்க. நான் கேட்கறேன். ஜுலைஹா பீவி வீட்டுக்குப் போக மாட்டேன்."

"தந்தி இன்னும் வரலை" என்றார் அவர்.

அப்போது அழைப்புமணி அடித்தது. அழகுமலை. கையில் ஒரு கேசட்.

"சுஐபு பாய் லீவு முடிஞ்சு வந்துட்டாரு சார். சரோஜா பேசி அனுப்பியிருக்கா. உங்க மிசின்ல கேட்டுக்கிறட்டுமா?"

ஷியாமளா நடந்ததைச் சொன்னாள். அழகுமலைக்கு முகம் வெளுத்துப்போனது.

"அப்ப அவளுக்கு வெறும் பிடிலுதான் போயிருக்கா? நலமா இருக்கியான்னுகூட ஒரு வார்த்தை கேக்காத கேசட்டா? தொலைஞ்சேன் சார்! என்ன ஏச்சு ஏசியிருக்காளோ. ஒத்தையில கேக்கப் பயமா இருக்கு, நீங்களும் கூட இருங்க."

கல்யாணசுந்தரம் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேசட்டைப் போட்டார். கொஞ்ச நேரம் இரைச்சல். எங்கோ மாடு கத்தியது. பிறகு சரோஜாவின் குரல் கணீரென்று வந்தது.

"ஏங்க, இந்தத் தடவ அனுப்புனீகளே, அதுதாங்க கேசட்டு! திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டுட்டேன், தெருவே கேட்டுருச்சு. ரெண்டு வருசமா அந்த மனுசன் எம்புட்டு அழகா வாசிக்கையிலயும் நீங்கதான் குறுக்க குறுக்கப் பேசிக் கெடுத்தீக, இனிமேலும் இப்படியே வாயத் தொறக்காம அனுப்புங்க!"