ஹார்ட் டிஸ்க்குக்குச் சாத்துக்குடி

மதுரையில் ஹார்ட் டிஸ்க்குக்குப் பார்வையாளர் நேரம் வைத்த ஒரே மனிதர் காளவாசல் 'ஐசியூ' அண்ணன்தான். கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்காரர். சொந்தப் பெயர் அவருடைய ரேஷன் கார்டுக்கு மட்டுமே தெரியும். அவர் கடைக்குள் செல்போனை அணைத்துவிட வேண்டும். தும்மல் வந்தால் பஸ் ஸ்டாப் வரை போய்த் தும்மிவிட்டு வர வேண்டும்.

நான் கல்யாண போட்டோகிராபர். வாடிப்பட்டியில் எடுத்த ஒரு கல்யாணத்தை ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி வைத்திருந்தேன். கரண்ட் போய் வந்த பிறகு அது திறக்கவே மாட்டேன் என்றது. கேமரா கார்டுகளை அடுத்த கல்யாணத்துக்காக அழித்தாகிவிட்டது. மறுபடி எடுக்கலாமென்றால், மாப்பிள்ளை நேர்த்திக்கடனுக்கு மொட்டை போட்டுவிட்டார். பெண்ணின் தாய்மாமன் மீசையைத் தடவிக்கொண்டே, "தாலி கட்டுற போட்டோ இல்லாம ஸ்டூடியோவத் தெறந்துராத தம்பி" என்று அன்பாகச் சொன்னார்.

ஐசியூ டிஸ்க்கைக் காதில் வைத்துக் கேட்டார்.

"மூச்சு இருக்கு. கடைசியா எப்ப நல்லாப் பேசுச்சு?"

"நேத்துக் காலைல, அண்ணே."

"அப்புறம் எம்புட்டுத் தடவ சொருகிப் பாத்த?"

"கணக்கில்லண்ணே."

"ஏன் மாப்ள, மயங்கிக் கெடக்கவன உலுக்கி உலுக்கி, நல்லா இருக்கியான்னா கேப்பாக?"

அசல் டிஸ்க்கில் அவர் கை வைக்கமாட்டார். அதை அப்படியே இன்னொரு டிஸ்க்கில் நகலெடுத்து, வைத்தியத்தை நகலுக்குத்தான் பார்ப்பார். "அதுவரைக்கும் எதுவும் சொல்றதுக்கில்ல. சொந்தக்காரகளுக்குச் சொல்லிரு" என்றார். நானும் சொல்லித் தொலைத்தேன்.

மறுநாள் காலை கடை வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. பெண் வீட்டார் சாத்துக்குடி, பன், ஃப்ளாஸ்க் சகிதம் இறங்கினார்கள்.

"உள்ள வந்து பாக்கலாமா டாக்டரய்யா?" தாய்மாமன் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஒருத்தர் மட்டும் வாங்க. அழுகக் கூடாது."

சாத்துக்குடிப் பையை வாங்கி டிஸ்க் பக்கத்திலேயே வைத்தார் ஐசியூ.

ரிப்பேர் புரோகிராம் ஒவ்வொரு கோளாறுக்கும் 'சரிசெய்யட்டுமா?' என்று கேட்கும். மற்றவர்கள் மொத்தத்துக்கும் சேர்த்து ஒரே தட்டாகத் தட்டிவிடுவார்கள். இவரோ ஒவ்வொன்றுக்கும் தாய்மாமனிடம் சம்மதம் வாங்கினார். "சரி பண்ணிருவமா?" "பண்ணிருங்கய்யா." சாயங்காலம் டிஸ்க் திறந்தது.

"உசுரு வந்துருச்சு. ஆனா பேரு பூராம் மறந்துபோச்சு" என்றார். படங்கள் எல்லாம் பெயர் போய் வெறும் எண்களாக, நான் எடுத்த மற்ற கல்யாணங்களோடு கலந்து கிடந்தன. அடையாளம் காட்ட வேன் மொத்தமும் உள்ளே நுழைந்தது.

"இது நம்ம பந்தி இல்ல. சாம்பாரு தண்ணியா இருக்கு."

"நம்ம அத்தை மாதிரியே இருக்கு. ஆனா சிரிக்குதே, அப்ப வேற யாரோ."

பந்தி வந்தது, நலங்கு வந்தது, தாலி மட்டும் வரவில்லை. தாய்மாமன் திரையை விட்டுவிட்டு என்னையே பார்க்க ஆரம்பித்தார். நான் மெல்ல வாசல் பக்கம் நகர்ந்து நின்றேன். ஐசியூ அசரவில்லை, ஒவ்வொரு படமாகத் தள்ளிக்கொண்டே போனார். கடைசியில் வந்தது. தலைநிறைய முடியோடு மாப்பிள்ளை தாலி கட்டுகிறார். பின்னால் தாய்மாமன் சின்னப் பிள்ளை மாதிரித் தேம்பிக்கொண்டிருக்கிறார். கடைக்குள் ஒரே கூச்சல்.

ஐசியூ மட்டும் நாற்காலியை விட்டு எழுந்தார். திரையில் இருந்த இருவரையும் பார்த்து, கையைத் தூக்கி, "நல்லா இருங்க தாயி, ரெண்டு பேரும் நல்லா இருங்க" என்றார். எத்தனையோ மேடைகளில் படம் எடுத்திருக்கிறேன்; பத்திரிகையே வைக்காத கல்யாணத்துக்கு இப்படி மனதார வாழ்த்திய ஆளைப் பார்த்ததில்லை. அந்த மனிதர் என்றால் எனக்கு உயிர்.