வாசகசாலைக்கு வந்த வரிசை

ஒரே நாளில் இரண்டாயிரத்து நானூறு பேர் அந்த நகராட்சி வாசகசாலைக்கு வந்தார்கள். அங்கே இருந்த நாற்காலிகள் பதினொன்று. அதிலும் ஒன்றுக்கு மூன்று கால்.

"பொய்!" என்றார் கணக்கு அதிகாரி தொலைபேசியில்.

"வருகைப் பதிவேட்டுல கையெழுத்து இருக்கு சார்" என்றார் நூலகர்.

"இந்த ஊர்ல கையெழுத்துப் போடத் தெரிஞ்ச அத்தனை பேரையும் கூட்டினாலும் அவ்வளவு தேறாதுய்யா. இருங்க, நானே வர்றேன்."

கையெழுத்தெல்லாம் அசல்தான். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது.

நகராட்சியில் பணத் தட்டுப்பாடு. குடிநீரும் சாக்கடையும் தெருவிளக்கும் கைநீட்டி நிற்க, நகர்மன்றம் ஒரு தீர்மானம் போட்டது. நாளுக்கு ஐம்பது பேர்கூட வராத இடங்களை மாதக் கடைசியில் இழுத்து மூடிவிடுவது என்று.

வாசகசாலைக்கு வந்தது மூன்று பேர். ஒருவர் பேப்பர் படிப்பார். இன்னொருவர், அவர் எப்போது அதைக் கீழே வைப்பார் என்று பார்த்துக்கொண்டிருப்பார். மூன்றாமவர் தூங்குவார். மூடிவிட்டால் நூலகருக்கு உரக்கிடங்கில் குப்பை எடை போடும் வேலை.

"அங்க போறதா இருந்தா வெளியவே குளிச்சிட்டுத்தான் உள்ள வரணும், சொல்லிட்டேன்" என்று அவர் மனைவி அன்றைக்கே வாசலில் ஒரு வாளியை வைத்துவிட்டாள்.

நூலகர் முதலில் சொந்தச் செலவில் ஒரு மின்விசிறியும் குளிர்ந்த தண்ணீரும் வைத்தார். கூட்டம் வந்தது, காற்று வாங்கியது, தண்ணீர் குடித்தது. கையெழுத்துக் கேட்டதும், கோர்ட்டில் சாட்சி சொல்லக் கூப்பிட்டதுபோல ஓடியது.

அந்த நேரம் பார்த்து நகராட்சி அலுவலகத்தின் கூரை ஒழுகியது. தண்ணீர் வரி வாங்கும் கவுண்டரை எங்கே கொண்டுபோவது என்று விழித்தார்கள்.

"என் இடத்துல வைங்க சார்!" என்று பாய்ந்தார் நூலகர்.

அபராதமில்லாமல் வரி கட்ட ஒரு வாரம்தான் பாக்கி. வாசலில் பதிவேட்டை விரித்தார். கையெழுத்துப் போட்டால்தான் வரிசையில் இடம். முதல் நாள் நானூறு பேர். மூன்றாம் நாள் தொள்ளாயிரம். கடைசி நாளான இன்று வரிசை மூன்று தெருவைச் சுற்றி, தன் வாலைத் தானே தொட்டுவிட்டது. வரி கட்டிவிட்டு வெளியே வந்த ஒருவர், இது என்ன வரிசை என்று தெரியாமல் மறுபடியும் போய் நின்றுகொண்டார்.

"உட்கார இடமில்ல, இது என்னய்யா வாசகசாலை?"

"ஒரு புத்தகத்தையாவது கண்ணுல காட்டுய்யா!"

சட்டைக் காலரை யாரும் பிடிப்பதற்குள் நூலகர் இரண்டாம் நாளே ஒரு பெட்டியையும் கத்தைத் தாளையும் வைத்து, 'குறை இருந்தால் எழுதிப் போடவும்' என்று ஒட்டியிருந்தார். அதுதான் வினையாகிப்போனது. மணிக்கணக்கில் நிற்பவர்களுக்கு வேறென்ன வேலை? எழுதித் தள்ளினார்கள். பெட்டி நிரம்பியது. குப்பைக்கூடை நிரம்பியது. வீட்டு வாசலில் இருந்த வாளியும் வந்து நிரம்பியது. மிச்சத்தைப் புத்தக அலமாரியில் திணித்தார். தூங்க வருகிறவர்கூட, "சத்தம் தாங்கவில்லை" என்று எழுதியிருந்தார்.

இத்தனை புகாரைக் கணக்கு அதிகாரி பார்த்தால் மாதக் கடைசி வரைக்கும் காத்திருக்கவா போகிறார்?

அதிகாரியின் கார் நான்கு மணிக்கு வந்தது. ஓட்டுநர் வழிவிடச் சொல்லிப் பார்த்தார்.

"யோவ், வரிசையில வாய்யா!" என்றாள் ஒரு அம்மாள்.

"நான் அதிகாரிம்மா" என்று காரிலிருந்து இறங்கினார் கணக்கு அதிகாரி.

"இங்க எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. எனக்கு முன்னாடி நிக்கிறவரு மந்திரியோட மச்சானாம். அவரே நிக்கிறாரு, உனக்கென்ன?"

கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் அவரைக் கடைசியில் நிறுத்தினார்கள். உள்ளே வந்து சேரும்போது மணி ஏழு. கவுண்டரை மூடிவிட்டார்கள். கால் கடுக்க அவர் அலமாரியில் சாய்ந்தார். கதவு பிளந்து, திணித்து வைத்த புகாரெல்லாம் அவர் தலைவழியாகக் கொட்டி முழங்கால்வரை நின்றது.

ஒன்றை எடுத்துப் படித்தார். இன்னொன்றை எடுத்தார்.

"இதெல்லாம் இந்த வாசகசாலையைப் பத்தியா?"

"ஆமா சார்."

"எத்தனை இருக்கும்?"

"ஒரு ஆறாயிரம்..." நூலகருக்கு மூக்கில் உரக்கிடங்கு வாடை அடித்தது.

கூடவே வந்திருந்த ஓட்டுநர் வாயைப் பிளந்தார். "ஆறாயிரமா? போன வருஷம் முதலிடம் வந்த சாக்கடைக்கே முந்நூறு புகார்தானே சார்?"

"என்ன முதலிடம்?" என்றார் நூலகர்.

"மூடறதுக்குத்தான்யா வருகைக் கணக்கு" என்றார் அதிகாரி. "செலவு பண்றதுக்குப் புகார்க் கணக்கு. எதுக்குப் புகார் அதிகமோ அதுக்குத்தான் முதல் பணம். இவ்வளவு இருந்தா, ரெண்டு மாடிக் கட்டடமே வரும்."

நூலகர் பதிவேட்டை நீட்டினார். "ஆனா... நீங்க சான்று கொடுக்கணுமே சார்? இத்தனை பேர் வந்ததையே நீங்க பொய்ன்னீங்க."

அதிகாரி முழங்காலைத் தடவிக்கொண்டே பேனாவைத் திறந்தார்.

"வந்தது நிஜம்தான்யா. பெட்டியில மேலாக்க நாலு பக்கத்துக்கு ஒரு புகார் கிடக்கும் பாரு, அது நான் எழுதினது."